பழகும் காலத்தின் உவகை: மட்டக்களப்புக் கூத்தை முன்வைத்துச் சமுதாய அரங்கின் பங்கேற்பு குறித்த திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

சமுதாய அரங்கில் ஈடுபடுவோர் அடையும் மகிழ்ச்சி, தமிழ் நாடகத் திறனாய்வில் பெரும்பாலும் ஒரு துணைச் செய்தியாகவே குறிக்கப்படுகின்றது. நிகழ்த்தப்பட்ட இரவின் பனுவல், ஆட்டம், பாடல், ஒப்பனை ஆகியவை மதிப்பிடப்படுகின்றன. அந்த இரவுக்கு முன்னும் பின்னும் ஓர் ஊர் கூடி வாழ்ந்த மாதங்கள் மதிப்பீட்டுக்கு வெளியே நின்றுவிடுகின்றன. மட்டக்களப்புக் கூத்தின் பழகு முறையைச் சான்றாகக் கொண்டு, பங்கேற்பின் உவகை தற்செயலாக விளைவதன்று, அரங்கின் அமைப்பிலேயே திட்டமிட்டு வைக்கப்பட்ட ஒன்று என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கின்றது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் கூறும் உவகையின் நிலைக்களன்கள் இதற்கு அடிப்படையாகக் கொள்ளப்படுகின்றன. அவ்வுவகை எல்லோருக்கும் ஒரே அளவில் வாய்க்கவில்லை என்பதும், அதனைக் கணக்கில் கொள்ளாத திறனாய்வு முழுமை பெறாது என்பதும் இக்கட்டுரையின் முடிபுகளாகும்.

திறவுச்சொற்கள்: சமுதாய அரங்கு, மட்டக்களப்புக் கூத்து, அண்ணாவியார், களரி, மெய்ப்பாடு, உவகை, மீளுருவாக்கம்

முன்னுரை

ஒரு நாடகத்தைப் பற்றி எழுத அமரும் திறனாய்வாளர் அதனை எங்கிருந்து காண்கின்றார் என்னும் வினா எளிதாகத் தோன்றலாம். அவர் பார்வையாளர் இருக்கையிலிருந்து காண்கின்றார். அங்கு அமர்ந்து கண்டதையே எழுதுகின்றார். தொழில்முறை அரங்கைப் பொறுத்தவரை இதில் பெரிய இடர்ப்பாடு இல்லை. நுழைவுச்சீட்டுப் பெற்று வருபவருக்கு ஒத்திகையுடன் தொடர்பில்லை; அவர் காண வந்தது முடிந்த பொருளை. ஆனால் ஓர் ஊர் தன் மக்களைக் கொண்டு, தன் மக்களுக்காக, தன் இடத்தில் நிகழ்த்தும் அரங்கை அதே இருக்கையிலிருந்து மதிப்பிட முடியுமா? ஆடுபவர் காண்பவரின் மகனாகவோ மைத்துனராகவோ இருக்கும்போது, காண்பவரே சென்ற தலைமுறையில் அந்த வேடத்தை ஏற்றவராக இருக்கும்போது, அரங்கேற்ற இரவு ஒரு நீண்ட நிகழ்வின் ஒரு பகுதி மட்டுமே ஆகின்றது.

ரிச்சர்டு ஷெக்னர் 1985இல் வெளிவந்த தம் நூலில் நிகழ்த்துதலை ஏழு கட்டங்கள் கொண்ட தொடராக வகுத்தார். பயிற்சி, பட்டறை, ஒத்திகை, ஆயத்தம், நிகழ்த்துதல், தணிதல், பின்விளைவு என்பன அவை. ஆய்வாளரின் கவனம் நடுவிலுள்ள நிகழ்த்துதலின்மீதே குவிந்து கிடப்பதையும் அவர் சுட்டினார். இக்கருத்து தமிழ்ச் சூழலுக்குப் புதுமையானதன்று. மட்டக்களப்பின் கூத்து மரபு ஒவ்வொரு கட்டத்திற்கும் தனிப்பெயரும் தனிச்சடங்கும் கொடுத்துப் போற்றி வந்துள்ளது. அக்கட்டங்களைத் திறனாய்வின் கண்கொண்டு வாசிப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உவகை என்னும் மெய்ப்பாடும் அதன் நிலைக்களன்களும்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகை முதலாக உவகை ஈறாக எட்டு மெய்ப்பாடுகளைக் கூறி, ஒவ்வொன்றும் தோன்றுதற்குரிய களன்கள் நந்நான்கு எனக் கணக்கிடுகின்றது. உவகைக்குரியனவாக அது சுட்டுவன செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு ஆகிய நான்கு. செல்வம் என்பதை நுகர்ச்சி என்றும், புலன் என்பதைக் கல்வியின் பயனாகிய அறிவுடைமை என்றும் உரைமரபு விளக்குகின்றது. இந்நான்கையும் அல்லலினின்றும் நீங்கிய நிலையோடு இணைத்தே தொல்காப்பியம் பேசுகின்றது என்பதும் கருதத்தக்கது.

இவ்விடத்தில் இரண்டு செய்திகள் நமக்குப் பயன்படும். முதலாவது, உவகை பொதுவானதொரு மனநிலையாக இங்குப் பேசப்படவில்லை. இன்னின்ன இடத்திலிருந்து பிறக்கும் என வரையறுக்கப்படுகின்றது. ஆகவே ஓர் அரங்கு உவகை தருகின்றது என்று கூறுவதோடு நில்லாமல், எக்களத்திலிருந்து தருகின்றது எனக் கேட்க இயலும். இரண்டாவது, மெய்ப்பாடு பற்றிய பழைய சிந்தனை ஆடுவோனிடம் தோன்றிய உணர்வு காண்போனைச் சென்றடைதலைப் பேசுகின்றது. உரைகளின் வழி அறியப்படும் செயிற்றியத்தின் கருத்தும் இதுவே. ஆடுவோன் வேறு, காண்போன் வேறு என்னும் பிரிவு இதில் உட்கிடையாக உள்ளது. சமுதாய அரங்கில் இப்பிரிவு நெகிழ்கின்றது. இன்று காண்போர் நேற்று ஆடியோர். நாளை ஆடப்போவோர் இன்று களரியின் ஓரத்தில் நிற்கும் சிறுவர். இந்நெகிழ்ச்சியை மெய்ப்பாட்டியலின் சட்டகத்திற்குள் கொண்டுவர வேண்டுமாயின், உவகை செல்லும் வழியை ஒருதிசைப்பட்டதாக அன்றி இருதிசைப்பட்டதாகக் கொள்ள வேண்டும்.

பழகும் படிநிலைகள்

மட்டக்களப்பின் கூத்துகளுள் வடமோடி, தென்மோடி என்பன முதன்மையானவை. வடமோடி பெரும்பாலும் இதிகாசக் கதைகளையும் போரையும் பொருளாகக் கொள்வது. தென்மோடியில் அலங்காரரூபன் நாடகம் போன்ற கற்பனைக் கதைகள் மிகுதி. ஆட்டமுறை, தாளக்கட்டு, உடை ஆகியவற்றால் இரண்டும் வேறுபடினும், ஊரார் கூடிப் பழகும் ஒழுங்கில் ஒத்திருக்கின்றன. இவ்வொழுங்கைச் சி. மௌனகுரு தமது மட்டக்களப்பு மரபுவழி நாடகங்கள் (1998) என்னும் நூலில் விரிவாகப் பதிவு செய்துள்ளார்.

அறுவடை முடிந்து வேலை குறையும் காலத்தில் ஊர்ப் பெரியோர் கூடி, எந்தக் கூத்தை ஆடுவது எனத் தீர்மானித்து அண்ணாவியாரை அழைக்கின்றனர். குரலும் தோற்றமும் நோக்கி வேடங்கள் பகிரப்படுகின்றன. பின்னர் நல்ல நாளில் சட்டம் கொடுத்தல் நிகழ்கின்றது. சட்டம் என்பது அவரவர் பாடி ஆடவேண்டிய பகுதி எழுதப்பட்ட படி. அதனைப் பெரியோர் முன்னிலையில் பெற்றுக்கொள்பவர், அந்த நாளிலிருந்து ஊரின் கண்ணுக்கு வேறொருவராகின்றார். அவர் இன்னும் ஓர் அடிகூட ஆடவில்லை, எனினும் கடமைப்பட்டவராகிவிட்டார்.

அடுத்து ஆட்டம் பழகுதல். இரவுகளில் திறந்தவெளியில் மத்தளமும் தாளமும் ஒலிக்க, அண்ணாவியார் தாளக்கட்டைச் சொல்லிக் கொடுக்கின்றார். பகலில் வயலிலும் வாவியிலும் உழைத்தவர்கள் இரவில் மாணவராகின்றனர். இது மூடிய கதவுக்குள் நிகழும் ஒத்திகை அன்று. ஊரார் வந்து அமர்கின்றனர். முன்பு அதே வேடத்தை ஏற்றவர்களும் அவர்களிடையே உள்ளனர். தவறு எல்லோர் முன்னிலையிலும் நிகழ்கின்றது; எல்லோர் முன்னிலையிலும் திருத்தப்படுகின்றது. தொழில்முறை அரங்கு மறைக்க முற்படும் தடுமாற்றத்தைச் சமுதாய அரங்கு பொதுவில் வைக்கின்றது. தொல்காப்பியம் புலன் என்னும் களத்திலிருந்து பிறப்பதாகக் கூறும் உவகை இங்கு வாய்க்கின்றது. கல்லாத ஒன்றைக் கற்றுத் தேறுதலின் மகிழ்ச்சி, அதுவும் பலர் அறியத் தேறுதலின் மகிழ்ச்சி அது.

பழகுதல் ஓரளவு முற்றியபின் சதங்கை அணிதல் நடைபெறுகின்றது. ஆடுவோர் காலில் முதன்முறையாகச் சதங்கை ஏறும் நாள் அது. அரங்கேற்றம் இன்னும் தொலைவில் இருக்கும்போதே ஒரு விழா இடையில் வைக்கப்படுவது ஆழ்ந்த நோக்குடையது. நெடுங்காலப் பயிற்சியில் சோர்வு தலைகாட்டும் கட்டத்தில், இதுவரை கற்றதற்கு ஓர் ஒலி கிடைக்கின்றது. அதுவரை மண்ணில் ஓசையின்றி விழுந்த மிதி, இனித் தன் சரியையும் பிழையையும் தானே சொல்லும். பின்னர் அடுக்குப் பார்த்தல் என்னும் முழு ஒத்திகை. அதற்கும் பார்வையாளர் உண்டு. ஆனால் உடை ஒப்பனை இல்லை. இவ்வாறு அரங்கேற்ற இரவு வருமுன்னரே அக்கூத்தை ஊர் பலமுறை, பகுதி பகுதியாகக் கண்டிருக்கின்றது. அரங்கேற்றத்தில் அவர்கள் காணக் காத்திருப்பது கதையின் முடிவை அன்று. தாங்கள் அறிந்த ஒருவர் அதனை எவ்வாறு ஆடி முடிக்கின்றார் என்பதையே.

அரங்கேற்றத்தோடு கூத்து முடிவதில்லை. ஆட்டக்காரர்கள் வீட்டுக்கு வீடு சென்று ஆடுகின்றனர். வீட்டார் அன்பளிப்பு வழங்குகின்றனர். களரிக்கு ஊர் வந்தது போய், ஊருக்குக் களரி செல்கின்றது. முதுமையாலோ நோயாலோ இரவு முழுவதும் விழித்திருக்க இயலாதவர் வாசலுக்கும் கூத்து வருகின்றது. செல்வம் என்னும் களம் இங்குப் புதிய பொருள் பெறுகின்றது. கொடுப்பவரும் பெறுபவரும் ஒரே சமயத்தில் நுகர்வோராகின்றனர்.

இப்படிநிலைகளைத் தொகுத்து நோக்கின் ஒன்று புலனாகும். உவகை இறுதியில் ஒருமுறை வழங்கப்படும் பரிசாக இங்கு அமைக்கப்படவில்லை. சட்டம் கொடுத்தல், சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல் என அது தவணைமுறையில் பகிரப்படுகின்றது. ஆடுவோரும் காண்போரும் ஒவ்வொரு தவணையிலும் பங்குபெறுகின்றனர். மாதக்கணக்கில் ஊதியமின்றி மக்கள் ஏன் உழைக்கின்றனர் என்னும் வினாவுக்கு மரபுப்பற்று என்றோ பக்தி என்றோ விடை கூறுவது போதாது. உழைப்பின் ஒவ்வொரு கட்டமும் தன்னளவில் நிறைவு தரும் வகையில் இம்மரபு வடிவமைக்கப்பட்டுள்ளது என்பதையும் உடன் கூற வேண்டும்.

களரியின் அமைப்பும் காண்போரின் இடமும்

கூத்துக் களரி வட்டமானது. காண்போர் சுற்றிலும் அமர்கின்றனர். நடுவே மத்தளத்துடன் அண்ணாவியார் நிற்க, ஆட்டக்காரர்கள் அவரைச் சுற்றி ஆடுகின்றனர். பனுவலை வைத்துக்கொண்டு அடியெடுத்துக் கொடுப்பவரும், பிற்பாட்டுப் பாடுவோரும் களரியிலேயே வெளிப்படையாக நிற்கின்றனர். ஆசிரியரும் ஏடும் துணைப்பாடகரும் மேடைத் திரைக்குப் பின் மறைக்கப்படுவதில்லை.

இவ்வமைப்பின் விளைவுகள் இரண்டு. ஒருவர் அடி மறந்தால் அவரைத் தாங்கிக்கொள்ளும் குரல்கள் அருகிலேயே உள்ளன. தனிநடிகரின் தோல்வி என்பது இங்கு எளிதில் நிகழ்வதில்லை. குழு அதனைப் பகிர்ந்து கொள்கின்றது. ஆகவே ஆற்றல் குறைந்தவரும் துணிந்து பங்கேற்கலாம். மேலும், வட்டத்தின் எதிர்ப்புறத்தில் அமர்ந்தவரின் முகம் இப்புறத்தில் இருப்பவருக்குத் தெரிகின்றது. காண்போர் கூத்தைக் காண்பதோடு கூத்தைக் காணும் தம் ஊரையும் காண்கின்றனர். படச்சட்ட மேடையின் முன் இருட்டில் வரிசையாக அமர்ந்திருப்பவருக்கு முன்னிருப்பவரின் பின்தலை மட்டுமே தெரியும். பிரேசிலின் அகஸ்டோ போல் 1970களில் பார்வையாளரை நடிப்பாளராக மாற்றும் அரங்கைக் கோட்பாட்டளவில் முன்வைத்தார். அவர் நோக்கம் அரசியல் சார்ந்தது. கூத்தின் நோக்கம் அதுவன்று. இரண்டையும் ஒன்றாகக் கருதுவது பிழை. ஆயினும் காண்போரைச் செயலற்றவராக விட்டுவிடாத அரங்கு என்னும் அளவில் இரண்டும் அருகருகே வைத்து எண்ணத்தக்கன.

பேராதனை மீட்டெடுப்பும் அதன் விலையும்

ஈழத்துக் கூத்து பற்றிய எந்தப் பேச்சும் பேராசிரியர் சு. வித்தியானந்தனின் பணியைத் தவிர்க்க இயலாது. எதிரிவீர சரச்சந்திராவின் மனமே (1956) சிங்கள நாடகத்தில் ஏற்படுத்திய திருப்பத்தை அடுத்து, தமிழ்க் கூத்தும் நவீன மேடையில் மதிப்புப் பெறவேண்டும் என்னும் எண்ணம் வலுப்பெற்றது. பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு கர்ணன் போர் (1962), நொண்டி நாடகம் (1963), இராவணேசன் (1965), வாலி வதை (1968) ஆகியவற்றை வித்தியானந்தன் மேடையேற்றினார். விடிய விடிய ஆடப்பட்ட கூத்து சுருக்கப்பட்டது; வட்டக் களரி படச்சட்ட மேடையாயிற்று; மின்னொளி வந்தது. நாட்டுப்புறத்தார் ஆட்டம் என ஒதுக்கப்பட்டிருந்த கலையைப் படித்தோர் எழுந்து நின்று பாராட்டத்தக்கதாக்கிய பெருமை இம்முயற்சிக்கு உரியது. அதனைக் குறைத்து மதிப்பிடுவது நன்றியறிதல் ஆகாது.

எனினும் சுருக்கப்பட்டது எது என்பதைக் கூர்ந்து நோக்க வேண்டும். ஆட்டமும் பாடலும் தாளமும் தெரிந்தெடுக்கப்பட்டு மெருகேற்றப்பட்டன. சட்டம் கொடுத்தல் முதல் வீட்டுக்கு வீடு ஆடுதல் வரையிலான சங்கிலியோ மேடைக்கு வரவில்லை, வரவும் இயலாது. கலை மீட்கப்பட்டது, அதனைச் சூழ்ந்திருந்த வாழ்க்கை பின்தங்கியது. இவ்விடத்தில் எளிய குற்றச்சாட்டு ஒன்றைத் தவிர்க்க வேண்டும். நவீன மேடை உவகையை அழித்துவிட்டது என்று கூறுவது உண்மையாகாது. பேராதனை மாணவர்களும் கூடிப் பழகியவர்களே. அவர்களுக்கும் பழகுதலின் மகிழ்ச்சி வாய்த்திருக்கும். வேறுபாடு அம்மகிழ்ச்சி எங்குத் தங்கியது என்பதில்தான் உள்ளது. பல்கலைக்கழகச் சமூகம் சில ஆண்டுகளில் பட்டம் பெற்றுக் கலைந்துவிடும். அவர்களின் பார்வையாளர் அடுத்த ஆண்டு வேடம் ஏற்கப்போவதில்லை. ஆடுவோரும் காண்போரும் இடம் மாறிக்கொள்ளும் சுழற்சி அங்கு அறுபடுகின்றது.

2000களின் தொடக்கத்திலிருந்து மட்டக்களப்பின் சீலாமுனையை மையமாகக் கொண்டு சி. ஜெயசங்கர் முன்னெடுத்த கூத்து மீளுருவாக்கச் செயற்பாடு, இச்சுழற்சியைத் தொடக்கப்புள்ளியாகக் கொண்டது. ஊரிலுள்ள கூத்தர்களும் அண்ணாவியாரும் ஆய்வாளரும் சமநிலையில் உரையாடி, தங்கள் களரியிலேயே, தங்கள் பனுவலையே மறுவாசிப்புக்கு உட்படுத்துவது இதன் முறை. மேடைக்கேற்பக் கூத்தை மாற்றுவது முந்தைய முயற்சியின் வழி. கூத்தை ஆடும் சமூகமே தன் கூத்தை மாற்றிக்கொள்வது இம்முயற்சியின் வழி. இரண்டுக்குமான விவாதத்தைக் கலைத்தரம் எதிர் மரபுத்தூய்மை எனச் சுருக்குவது பொருந்தாது. உவகையின் உரிமை யாரிடம் இருக்க வேண்டும் என்பதே அவ்விவாதத்தின் அடியில் உள்ள வினா எனக் கருதுகின்றேன்.

தமிழ்நாட்டுத் தெருக்கூத்து: ஓர் ஒப்பீடு

மட்டக்களப்பின் தனித்தன்மையை விளங்கிக்கொள்ள வட தமிழகத்தின் திரௌபதியம்மன் விழாக் கூத்தை ஒப்புநோக்கலாம். அங்கு இரவுக் கூத்தை ஆடுவோர் பெரும்பாலும் ஊதியம் பெற்று வரும் தொழில்முறை ஜமாவினர். ஊர் அவர்களை அழைக்கின்றது, தான் ஆடுவதில்லை. இதனால் ஊர் வெறும் பார்வையாளராக நின்றுவிடுகின்றதா எனின், இல்லை. பகாசூரன் கதை நடக்கும் நாளில் வண்டி தெருத் தெருவாகச் சென்று வீடுகளில் உணவு பெறுகின்றது. அருச்சுனன் தபசில் ஆட்டக்காரர் உயர்ந்த மரத்தில் ஏறிப் பாட, பிள்ளைப்பேறு வேண்டும் பெண்கள் கீழே நிற்கின்றனர். படுகளத்தில் துரியோதனனின் பேருருவம் மண்ணால் சமைக்கப்பட்டு ஊர் நடுவே கிடத்தப்படுகின்றது. தீமிதியில் ஊரே இறங்குகின்றது.

ஆகவே பங்கேற்பு இரண்டு வகைப்படும் எனலாம். ஒன்று, கலையைக் கற்றுத் தாமே ஆடுதல். மற்றொன்று, கதையின் நிகழ்வுகளுக்குள் தம் வாழ்வோடு நுழைதல். முன்னதில் புலன், விளையாட்டு ஆகிய களன்கள் மேலோங்குகின்றன. பின்னதில் வேண்டுதலும் அச்சமும் பெருமிதமும் உவகையோடு கலக்கின்றன. பங்கேற்பு என்னும் ஒரே சொல்லால் இரண்டையும் குறிப்பது, கோயில் விழாவையும் கூத்துப் பள்ளியையும் ஒன்றாக்குவது போன்றது. சமுதாய அரங்கு குறித்த ஆய்வுகள் இவ்வேறுபாட்டைப் பேணுதல் வேண்டும்.

வட்டத்திற்கு வெளியே நின்றோர்

இதுவரை கூறியவற்றைக் கொண்டு கூத்துக் களரி குறையற்ற சமத்துவ வெளி என முடிவு செய்வோமாயின், அது திறனாய்வு ஆகாது; ஏக்கம் ஆகும். வடமோடி தென்மோடிக் களரிகளில் மரபாக ஆடவரே ஆடினர்; பெண் வேடமும் ஆடவருக்கே உரியதாயிருந்தது. பெண்கள் காண்போராயினர், அந்த இரவுகளுக்கு வேண்டிய வீட்டுப்பணியும் அவர்கள்மீதே விழுந்தது. கல்வியால் வரும் உவகை அவர்களுக்கு எட்டவில்லை. ஒரு பெண் நூறு இரவுகள் கேட்டுப் பாடல் முழுவதையும் மனத்தில் கொண்டிருந்தாலும் அவளுக்குச் சட்டம் கொடுக்கப்பட்டதில்லை. சாதி அடுக்கும் களரியை விட்டு அகலவில்லை. வேடங்கள் பகிரப்பட்டதிலும், யார் ஊர்க் கூத்தில் இடம்பெறலாம் என்பதிலும் அதன் செல்வாக்கு இருந்தது. மட்டக்களப்பில் பறைமேளக் கூத்து தனியொரு வடிவமாக விளங்குவதை அழகியல் பன்மை என்று மட்டும் வாசிக்க இயலாது; சமூக எல்லைகளின் சுவடும் அதில் உண்டு.

பனுவல்களுக்குள்ளும் இதன் தடம் உள்ளது. பெண்ணை இழித்தும் குலத்தை உயர்த்தியும் பேசும் இடங்கள் மரபுப் பனுவல்களில் உள்ளன. நகைப்பிற்காக வைக்கப்பட்ட பகுதிகளில் யாரைக் குறித்து நகைக்கின்றோம் என்பது பெரும்பாலும் ஐயத்திற்கு இடமின்றித் தெரியும். இங்குத் தொல்காப்பியத்தின் நிபந்தனை மீண்டும் நினைவுக்கு வருகின்றது. அல்லல் நீங்கிய நிலையில் பிறப்பதே உவகை எனின், ஒரு பகுதியினரின் அல்லலின்மேல் எழுப்பப்பட்ட மகிழ்ச்சியை எவ்வாறு மதிப்பது? மீளுருவாக்கச் செயற்பாடு பெண்ணிழிவையும் சாதியையும் களரிக்குள்ளேயே உரையாடலுக்கு உட்படுத்துவது இதனால்தான் முக்கியத்துவம் பெறுகின்றது. வெளியிலிருந்து ஒருவர் வந்து பனுவலைத் திருத்திக் கொடுப்பதற்கும், ஆடுவோர் தாமே ஒரு வரியைப் பாட மறுத்து அதற்கு மாற்று ஆக்குவதற்கும் பெரும் வேறுபாடு உண்டு. பின்னதில் திருத்தமே பழகுதலின் ஒரு கட்டமாகிவிடுகின்றது.

இதற்கு ஓர் எதிர்வாதம் எழலாம். மரபைப் பேணுவோரிடம், நீங்கள் மகிழ்ந்தது பிழை எனக் கூறுவது அவர்களின் உவகையையே குலைத்துவிடாதா என்பது அது. குலைக்கக்கூடும். ஆனால் வட்டத்திற்குள் இன்னும் ஒருவரைச் சேர்த்தால் குலைந்துவிடும் உவகை, சமுதாயத்தின் உவகை ஆகாது. அது ஒரு குழுவின் தனியுரிமை மட்டுமே. சமுதாய அரங்கு என்னும் பெயருக்கு அது உரிமை கோர இயலாது.

இரவில் கூடும் உரிமை

கூத்து இரவுக்குரிய கலை. மூன்று பத்தாண்டுகள் நீண்ட போரில் இரவு மக்களிடமிருந்து பறிக்கப்பட்டது. ஊரடங்கும் சுற்றிவளைப்பும் இடம்பெயர்வும் நிலவிய காலத்தில் இருபது பேர் இருட்டில் ஒன்றுகூடி மத்தளம் அடிப்பது இயல்பான செயலாக இருந்திருக்க முடியாது. அரங்கேற்றத்திற்கு ஓர் இரவு கிடைத்தாலும், பழகுதலுக்குத் தேவையான பல இரவுகள் கிடைப்பது அரிதாயிற்று. போர் முதலில் அழித்தது கூத்துப் பனுவல்களை அன்று. அவற்றைப் பழகும் காலத்தை.

இந்நோக்கில், ஓர் ஊர் மீண்டும் கூத்துப் பழகத் தொடங்குதல் என்பதற்குப் பண்பாட்டுப் பாதுகாப்பு என்பதைக் காட்டிலும் விரிந்த பொருள் உண்டு. அஞ்சாமல் இரவில் கூடலாம், அருகிருப்பவரை நம்பலாம், சில மாதங்களுக்குப் பின் அரங்கேற்றம் என நாள் குறிக்கலாம் என்னும் நம்பிக்கை அதனுள் அடங்கியுள்ளது. எதிர்காலத்திற்கு நாள் குறித்தல் போர்க்காலத்து மக்கள் இழந்த உரிமைகளுள் ஒன்று. சட்டம் கொடுத்தல் என்னும் எளிய சடங்கு அதனை மீட்டுத் தருகின்றது.

போருக்கும் 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்கும் பின் அரங்கினை உளவள ஆற்றுப்படுத்தலுக்கும் விழிப்புணர்வுக்கும் உரிய கருவியாகப் பயன்படுத்தும் போக்கு வளர்ந்தது. அதன் பயனை மறுப்பதற்கில்லை. ஆனால் ஒரு செய்தியைக் கொண்டு சேர்த்ததா என்னும் அளவுகோலால் மட்டும் அரங்கு அளக்கப்படும்போது, உவகை மீண்டும் ஒரு துணைப்பொருளாகின்றது. திட்டக் காலம் முடிந்ததும் அரங்கும் முடிந்துவிடுகின்றது. ஊர் தானே பழகும் கூத்து, துயரைப் பேசாமலேயே துயரினின்றும் ஒரு விலகலைத் தருவதுண்டு. மருந்தாக வழங்கப்படாததால்தான் அது மருந்தாகின்றது போலும்.

திறனாய்வுக்கான அளவுகோல்கள்

மேற்கண்டவற்றின் அடிப்படையில், சமுதாய அரங்கை மதிப்பிடும்போது நிகழ்த்துதல் சார்ந்த வழக்கமான வினாக்களோடு நான்கு வினாக்களையும் சேர்த்துக் கேட்கலாம். பழகும் காலம் எவ்வாறு அமைக்கப்பட்டுள்ளது. அதன் கட்டங்கள் ஊருக்குத் திறந்துள்ளனவா? ஆடுவோரும் காண்போரும் இடம் மாறிக்கொள்ளும் வாய்ப்பு உள்ளதா? தவறு செய்பவரைத் தாங்கும் ஏற்பாடு அரங்கின் அமைப்பிலேயே உண்டா? வட்டத்திற்கு வெளியே நிற்போர் யார். அவர்களை உள்ளே கொணரும் உரையாடல் நடைபெறுகின்றதா?

இவ்வினாக்கள் கலைத்தரத்தைப் புறக்கணிப்பன அல்ல. மிதி பிழைத்தால் அண்ணாவியார் பொறுப்பதில்லை, ஊரும் பொறுப்பதில்லை. கலைத்தரத்தைப் பற்றிய கண்டிப்பு பழகும் களத்தில் இருப்பது போல் வேறெங்கும் இல்லை. நன்றாக ஆடவேண்டும் என்னும் விழைவே அத்தனை இரவுகளையும் தாங்கி நிற்கின்றது. தரம் வேறு, மகிழ்ச்சி வேறு எனப் பிரித்து, முன்னதைத் தொழில்முறை அரங்குக்கும் பின்னதைச் சமுதாய அரங்குக்கும் உரியதாக்குவது இரண்டையும் அறியாமையின் விளைவே.

முடிவுரை

மட்டக்களப்புக் கூத்தின் பழகு முறை, பங்கேற்பின் உவகையைக் கட்டங்களாகப் பகுத்து ஊர் முழுமைக்கும் பகிரும் ஓர் ஏற்பாடாகும். கற்றல், கூடுதல், கொடுத்தல், ஆடுதல் என்னும் நான்கும் அதன் ஊற்றுகள். புணர்வு என்னும் களத்தை உரையாசிரியர் கொண்ட பொருளுக்கு அப்பால் கூடுதல் எனவும் விரித்துக் கொள்ள இசைவோமாயின், தொல்காப்பியம் சுட்டிய நான்கு களன்களும் ஒரே களரியில் கூடுவதைக் காணலாம். பேராதனை மரபு கூத்தின் கலையை உலகறியச் செய்தது. மீளுருவாக்க மரபு அதன் வாழ்க்கையை ஊரிடம் திருப்பித்தர முயல்கின்றது. இரண்டையும் எதிரெதிரே நிறுத்துவதைவிட, ஒவ்வொன்றும் யாருக்கு எவ்வகை உவகையைத் தந்தது எனக் கேட்பதே பயனுடையது. அவ்வினாவைக் கேட்க, திறனாய்வாளர் அரங்கேற்ற இரவில் மட்டும் வந்தால் போதாது. சட்டம் கொடுக்கும் நாளில் வரவேண்டும். சதங்கையின் முதல் ஒலியைக் கேட்க வேண்டும். ஆட்டக்காரர் வீட்டுக்கு வீடு செல்லும்போது ஏதேனும் ஒரு வாசலில் நிற்கவும் வேண்டும்.